எழுதாமல் விட்ட இருமல்

இன்று காலை ஒரு தாளில் கோடு அளந்துகொண்டிருந்தேன். பத்து சென்டிமீட்டர் கோடு. இடது முனையில் ‘வலி இல்லை’, வலது முனையில் ‘தாங்கவே முடியாத வலி’. நோயாளி நடுவில் எங்கேயாவது குறுக்காக ஒரு கீறல் போடுவார். நான் ஸ்கேல் வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக்கொள்வேன். இத்தனை வருடத்தில் அது கை தானாகச் செய்யும் வேலையாகிவிட்டது. இன்று வந்த அம்மாள் விரல்களை மடக்க முடியாமல், பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில், கும்பிடுவதுபோலப் பிடித்துக்கொண்டு கீறல் போட்டார். நீ அப்படித்தான் போடுவாய். வேறு யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கீறலை இரண்டு முறை அளந்தேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் இன்னும் ஜொகூர் பாருவில் அதே ஆய்வுப் பிரிவில்தான் இருக்கிறேன். முடக்குவாதத்துக்கு வரும் புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் இடத்தில், அதே தாதி வேலை. ஒரு ஆய்வு முடிந்தால் அடுத்தது வருகிறது. பெட்டி பெட்டியாகப் படிவங்கள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் இருபத்தெட்டு மூட்டுகளை அழுத்திப் பார்த்து, “வலிக்குதா, வலிக்குதா” என்று கேட்கிறேன். வீட்டுக்குப் போனதும் காலணியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து விடுகிறேன். ஓய்வு பெறலாமே என்கிறார்கள். ஓய்வெடுத்தால் போகிற களைப்பாக இது தெரியவில்லை.

லாபிஸ் தமிழ்ப்பள்ளியில் நாம் ஆறு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு உன் அப்பாவுக்குப் பாசிர் கூடாங்கில் வேலை கிடைத்து நீங்கள் குடும்பத்தோடு போய்விட்டீர்கள். அதன் பின் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு செய்தியும் இல்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். நீ எழுந்து வந்தாய். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீதான் கண்டுபிடித்தாய்.

“அலமாக்! மிஸ்ஸி, மூனாம் வகுப்புல என் ரப்பரைக் கடிச்சுத் தின்னவதானே நீ?”

எல்லோரையும்போலத் தாதியை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்ட கையோடு இப்படிக் கேட்டாய். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சட்டைக் கையை ஏற்றிவிடு என்றேன். நீ முயன்றாய். மணிக்கட்டில் இருந்த பொத்தானை உன்னால் கழற்ற முடியவில்லை. உன் சிரிப்பு பாதியில் நின்றது. நான்தான் கழற்றிவிட்டேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போது நமக்கு நாற்பத்து நான்கு வயது. நோய் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது உனக்கு. காலையில் எழுந்தால் நாலு மணி நேரம் விரல் மடங்காது என்றாய். மின்னணுத் தொழிற்சாலையில் இடுக்கியால் சின்னச் சின்னப் பாகங்களை எடுத்துப் பார்க்கும் வேலை உன்னுடையது. நீ எம்.சி. என்று மருத்துவ விடுப்பு எடுத்து எடுத்து அவர்களுக்கு அலுத்துப்போய், கடைசியில் உன்னைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அதையெல்லாம் நீ பெரிதாகச் சொல்லவில்லை. ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

“மோட்டர் ஓட்ட முடியலடி. பிரேக்கு பிடிக்க விரலு வரல.”

உலு திராமிலிருந்து பாசிர் கூடாங்குக்குப் பதினெட்டு வருடம், லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவில் மோட்டர் சைக்கிளில் போய் வந்தவள் நீ. கணவர் இறந்த பிறகு மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும், சந்தைக்குப் போனதும், நள்ளிரவு ஷிப்டு முடிந்து திரும்பியதும் அதில்தான். இப்போது அது வீட்டு முன்னால் தார்ப்பாயின் கீழ் நின்றது.

வாரம் ஒரு நாள் சாப்பிடும் மஞ்சள் மாத்திரை உனக்குப் போதவில்லை. டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசுவார். புது மாத்திரை ஒன்றுக்கு ஆய்வு நடக்கிறது, சேர்கிறாயா என்று அவர்தான் கேட்டார். உடம்பின் காவலே மூட்டின் உள்தோலைப் பகை என்று நினைத்துத் தாக்குகிறது. தாக்கச் சொல்லிக் கட்டளை போகும் வழியை அடைப்பது இந்த மாத்திரையின் வேலை. ஆனால் சேருகிறவர்களில் சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கிடைக்கும். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒப்புதல் படிவத்தை உனக்குத் தமிழில் வரிவரியாக விளக்கினேன். நாம் பள்ளித் தோழிகள் என்று டாக்டரிடம் முன்பே சொல்லியிருந்ததால், சாட்சிக் கையெழுத்தை வேறொரு தாதி போட்டாள்.

“எனக்கு வெறும் மாத்திரை கெடச்சா?” என்று கேட்டாய்.

“ஒப்பிட்டுப் பாக்க அதுவும் வேணும்.”

“அப்ப என் வலியும் யாருக்கோ வேணும்ங்கற. சரி லா, குடு.” பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாய்.

ஆறு வாரத்தில் உன் முட்டிகளின் வீக்கம் வடிந்தது. நாலு மணி நேர விறைப்பு அரை மணியானது. பிறகு ஒரு சனிக்கிழமை காலை மாசாயில் என் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் நீ, தலைக்கவசத்தோடு, மோட்டரில். கையை நீட்டி என் கண்முன் பிரேக்கை அழுத்தி அழுத்திக் காட்டினாய்.

“ஏறு. ரொட்டி சானாய் சாப்பிடலாம்.”

உன் பின்னால் உட்கார்ந்தேன். நாற்பத்து நான்கு வயதில் இரண்டு பெண்கள் சிரித்த சிரிப்புக்கு விளக்குச் சந்திப்பில் நின்ற லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். அங்கேதான் நீ முதலில் இருமினாய். வறட்டு இருமல். உன் இடுப்பைப் பிடித்திருந்த என் கையில் விலா அதிர்வது தெரிந்தது. அடுத்த சந்திப்பிலும் இருமினாய். சாப்பிட்டுவிட்டு வருகையில் கடைத்தெருவின் நாலைந்து படி ஏறுவதற்குள் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாய். நான் கேட்டதற்கு, “பாசிர் கூடாங் காத்து, வேற என்னா?” என்றாய்.

அடுத்த வாரம் நீ கிளினிக்குக்கு வந்தபோது படிவத்தில் இருந்த கேள்வியைப் படித்தேன். புதிதாக ஏதாவது உபாதை உண்டா?

“ஒன்னும் இல்ல.”

“இருமல்?”

நீ கதவைப் பார்த்தாய். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாய். “எழுதாதடி. எழுதினா மருந்த நிறுத்திடுவாங்க. எனக்கு இந்தக் கை வேணும்.”

உன் கை மேசைமேல் விரிந்து கிடந்தது. இப்போது பொத்தான் கழற்ற முடிகிற கை. நான் ‘இல்லை’ என்று எழுதினேன். மூன்று எழுத்து. இருபது வருட வேலையில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அதுதான்.

அந்த மாதம் முழுக்க நீ வேலைக்கு மோட்டரில் போனாய். தினமும் காலையில் குரல் செய்தி அனுப்புவாய், எந்தச் சந்திப்பில் எந்த பஸ்ஸை முந்தினாய் என்று. அந்தச் செய்திகளில் பேச்சுக்கு நடுவே இருமல் வரும். நான் கேட்டுவிட்டு அழித்துவிடுவேன்.

அடுத்த முறை நீ வந்ததும், படிவத்தை எடுக்கும் முன் உன்னைக் கிளினிக் நடைபாதையில் ஒரு நடை நடக்க வைத்தேன். விரலில் மாட்டிய கருவியில் பிராணவாயு அளவு இறங்கியிருந்தது. உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் டாக்டர் அறைக்குள் போனேன். உன் இருமலைச் சொன்னேன். அது தெரிந்தும் நான் எழுதவில்லை என்பதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை நாளாக என்று மட்டும் மலாயில் கேட்டார். “சத்து புலான்” என்றேன். ஒரு மாதம் என்று சொல்ல அந்த மொழியிலும் இரண்டே சொல்தான்.

ஸ்கேனில் உன் நுரையீரலின் அடிப்பகுதியில் தழும்பு தெரிந்தது. முடக்குவாதம் மூட்டோடு நிற்பதில்லை, சிலருக்கு நுரையீரலுக்கும் போகும். மஞ்சள் மாத்திரையாலும் அபூர்வமாக அப்படி ஆகலாம். புது மாத்திரையாலா என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். நான் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அந்த ஆய்விலிருந்து என்னை விலக்கினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

நடைபாதையில் நீ என்னை நிறுத்தினாய். உன் மகளும் கூட இருந்தாள்.

“கையக் குடுத்துட்டு நீங்களே திரும்பப் புடுங்கிட்டீங்க,” என்றாய். அதுவரை என்னை ‘நீ’ என்றவள், அன்றைக்கு ‘நீங்க’ என்றாய்.

ஏழு மாதம் நீ பேசவில்லை. உன் விரல்கள் மறுபடி வீங்கின என்று கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு ஒரு நாள் மதியம் போன் வந்தது. “நாளைக்கு ஸ்கேன். தனியா போக ஒரு மாதிரியா இருக்கு. வா.” அவ்வளவுதான். வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் வந்தேன். வேறு ஊசி போட்டு விரல்கள் ஓரளவு அடங்கின. நுரையீரலும் சில வருடம் பொறுத்துக்கொண்டது. ஆனால் மோட்டரை நீ மறுபடி தொடவில்லை.

கடைசி வருடம் உன் வீட்டு ஹாலில் பிராணவாயு எந்திரம் வந்துவிட்டது. அதன் நீளக் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு சமையலறை வரை போவாய், குழாய் எட்டுமிடத்தில் நின்றுவிடுவாய். அந்த ஆய்வு முடிந்து, யாருக்கு எது கிடைத்தது என்று தெரிய வந்த சமயம் அது. டாக்டர் உன்னிடம் சொல்லியிருந்தார். நான் வந்ததும் வராததுமாகச் சொன்னாய்:

“நெசமான மருந்துதானாம் எனக்கு. நான் ஏமாறல.”

உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“உன்னை ஏன் திரும்பக் கூப்பிட்டேன் தெரியுமா? டாக்டர்கிட்ட சொன்னதுக்கு இல்ல. அது உன் வேல. ஒரு மாசம் வாய மூடிக்கிட்டு இருந்தே பாரு, அதுக்கு.”

“அந்த ஒரு மாசம் உன் நுரையீரலத் தின்னிருக்கலாம்டி.”

“இருக்கலாம். ஆனா அந்த மாசம் நான் தெனமும் ஓட்டினேன்.”

அந்த மாதத்தால் கெட்டதா என்று நான் டாக்டரைத் தனியாகக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. “தெரியாது. யாருக்கும் தெரியாது,” என்றார் மூன்று முறையும். ஆய்வுப் பிரிவில் அதிகமாகக் கேட்கிற பதில் அதுதான். மற்ற நேரங்களில் அது என்னை உறுத்துவதில்லை.

நீ போன காலை, வார்டில் உன் கட்டிலருகே போய்க் கையைப் பிடித்தேன். பழக்கதோஷம், என் கட்டைவிரல் உன் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனது. வலிக்குதா என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டது. உன் மகள் என் தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

இப்போது ஆராய்ச்சி வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. மூட்டு வீங்குவதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் நோயின் அடையாளம் தெரிகிறதாம். சிலருக்கு அது நுரையீரலில்தான் தொடங்குகிறதோ என்றும் தேடுகிறார்கள். அதனால் நோயாளிகளின் பிள்ளைகளிடமும் உடன்பிறந்தவர்களிடமும் ரத்தம் கேட்கிறோம். நோய் வரும் முன்பே தடுக்க முடியுமா என்று பார்க்க. போன மாதம் உன் மகள் வந்தாள். இருபத்தேழு வயது. சிங்கப்பூர் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமல், தானாகவே. நான்தான் ஊசி குத்தினேன்.

“ஆன்ட்டி, ஏதாவது இருந்தா எங்கிட்ட மறைக்க மாட்டீங்கதானே?” என்றாள்.

நடைபாதையில் உன்னோடு நின்றவள் அவள். அவளுக்கு எல்லாம் தெரியும். “மறைக்க மாட்டேன்,” என்றேன். அந்த வார்த்தையைத்தான் இப்போதெல்லாம் சுமந்துகொண்டு திரிகிறேன். ஒவ்வொரு நோயாளியும் “ஒன்னும் இல்ல மிஸ்ஸி” என்னும்போது, பேனாவை வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்கிறேன். சிலர் எரிந்து விழுகிறார்கள். விழட்டும்.

இன்று மதியம் முடிவு சொல்ல அவளை வரச் சொல்லியிருந்தோம். டாக்டர் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன். அடையாளம் இருக்கிறது. மூட்டில் ஒன்றும் இல்லை, மூச்சும் நன்றாக இருக்கிறது. நோய் வராமலே போகலாம். வந்தாலும் முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். உனக்குக் கிடைக்காத வசதி அது. அவள் அழவில்லை. வாசல் வரை கூடப் போனேன். அங்கே நின்று, தன் விரல்களை ஒரு முறை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

“அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க ஆன்ட்டி. படத்துக்கு முன்னால நின்னு என்னால சொல்ல முடியாது.”

அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை எழுத உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். இந்த முறை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை.