சர்ஃபேஸ் கிடைத்த நாளின் பொங்கல்

செல்வி அப்பாவுக்கு,

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து வெல்லமும் நெய்யும் ஏலக்காயும் சேர்ந்த வாசனை வந்தது. பண்டிகையில்லை, வெள்ளிக்கிழமைகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் ருக்கு ஒரு கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள். நீங்கள் போன பிறகு அந்த வீட்டுக்குக் குடிவந்த பெண், நம் செல்வியைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். "அக்கா, எங்க ஊட்டுக்காரருக்கு சர்ஃபேஸ் கெடச்சிருச்சி, துன்னுங்க" என்றாள்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன், வாயில் வைக்க முடியவில்லை. அவள் புருஷன் இருமுவது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கிறது. அது எந்த இருமல் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்வதா, விட்டுவிடுவதா? இதை உங்களிடம்தான் கேட்க வேண்டும். இதே காரியத்தில் சொல்லாமல் இருந்தவர் நீங்கள், தெரியாமல் இருந்தவள் நான்.

குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நந்திதுர்க் தங்கச் சுரங்கத்து லைன் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. முதல் வாரமே இந்த 'சர்ஃபேஸ்' வந்து ஒட்டிக்கொண்டது. குழாயடியில் யாரைப் பார்த்தாலும், "உங்க ஊட்டுக்காரரு சர்ஃபேஸா, கீழயா?" என்றுதான் கேட்டார்கள். சாயங்காலம் உங்களைக் கேட்டேன். "சுரங்கத்துலேர்ந்து எங்கள ஏத்திக்கினு கேஜ் மேல வந்து நின்னதும் கதவத் தொறப்பாங்க. அப்ப இன்னா தெரியுதோ அதெல்லாம் சர்ஃபேஸ்" என்றீர்கள். வானமா என்றேன். வானந்தான் என்றீர்கள். புளியமரம்? அதுவுந்தான். "அப்போ நானு?" "நீ இல்லாத சர்ஃபேஸ் எனக்கு இன்னாத்துக்கு?" புதுப்பெண்டாட்டியிடம் எல்லா ஆம்பிளையும் பேசுகிற பேச்சுதான். ஆனாலும் எனக்கு அது ரொம்ப நாளைக்குப் போதுமாயிருந்தது.

செல்வியின் பள்ளிக்கூட அகராதியில் அதற்கு 'மேற்பரப்பு, வெளிப்புறம்' என்று போட்டிருக்கிறதாம். மேசைக்கு உண்டாம், தண்ணீருக்கு உண்டாம். நம் லைன் வீடுகளில் யாரும் மேசைக்கு அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நமக்கு அது வெயிலில் நின்று செய்கிற வேலை. தலைமேல் பாறை இடிந்து விழாது, சங்கு ஊதினால் புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவான். 'மேலே போய்விட்டார்' என்று தமிழில் சொல்ல எந்தப் பெண்ணுக்கு நாக்கு வரும்? அதனால் இங்கிலீஷிலேயே வைத்துக்கொண்டோம். கோயிலில்கூட, "மாரியாத்தா, அவருக்கு ஒரு சர்ஃபேஸ் குடு" என்றுதான் கேட்பேன். ஆத்தாவுக்கு இங்கிலீஷ் புரியுமா என்று கிண்டல் செய்வீர்கள். "இந்த ஊர்ல குந்திக்கினு இருக்கிற ஆத்தாளுக்கு இதுகூடவா தெரியாது?" என்பேன்.

நீங்கள் மெஷின் பிடித்துப் பாறை குடைகிற ஆள். எவ்வளவு குளித்தாலும் காது மடிப்பில் அந்த வெள்ளைத் தூசு மிச்சம் இருக்கும். பல வருஷம் கேட்டும் கொடுக்காத ஆத்தா ஒரு நாள் கொடுத்தாள். "சர்ஃபேஸ்ல, லாம்ப் ரூம்ல வெளக்கு எடுத்துக் குடுக்கற வேலைக்குப் போட்டுட்டாங்க" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள். யார் சிபாரிசு என்றதற்கு, "மேஸ்திரிக்கு நம்ம மேல பிரியம்" என்றீர்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் வெல்லமும் நெய்யும் முந்திரியும் வாங்கிவந்து, பெரிய தவலையில் பொங்கி, வீடு வீடாகக் கொடுத்தேன்.

எதிர்வீட்டு பங்காரம்மா என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவள் புருஷன், "பேசாம துன்னு" என்று அதட்டினார். மற்ற ஆண்களும் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார்கள். என் கைப்பக்குவம் பேச விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன், பைத்தியக்காரி. வயசாகாத, கை கால் நன்றாக இருக்கிற மெஷின்காரனை டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மேலே எடுப்பார்கள். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து, உள்ளே தூசு படிந்திருந்தால்தான் டாக்டர் எழுதிக் கொடுப்பார். படிந்த தூசு ஆளைக் கொண்டுபோகாமல் விடாது. சாப்பிட்ட ஆண்கள் அத்தனை பேருக்கும் இது தெரிந்திருந்தது. சமைத்த எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் நாம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தமங்களா ஏரிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? கரைமேல் ஏறும்போது நீங்கள் நின்று நின்று வந்தீர்கள். "நெல்லு எப்படி வெளஞ்சிருக்குது பாரு" என்று ஒவ்வொரு தடவையும் வயலைக் காட்டினீர்கள். நானும் நெல்லைப் பார்த்தேன். போதாததற்குச் செல்வியைத் தூக்கி உங்கள் தோளில் வேறு உட்கார வைத்தேன். தெரிந்திருந்தால் வைத்திருப்பேனா? குழாயடியிலிருந்து குடத்தைச் சுமக்க விட்டிருப்பேனா? ஈர விறகுப் புகையில் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை பேசியிருப்பேனா? இதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் உங்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. அழுகைகூட அதற்கப்புறம்தான்.

நீங்கள் படுத்துவிட்ட பிறகு பங்காரம்மா மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னீர்கள். "தவலையத் தூக்கிக்கினு ஊடு ஊடா போனியே, அதப் பாத்துக்கினே இருந்தேன். அப்பறமா சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன். நீ தாங்க மாட்ட." அதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

இன்று சாயங்காலம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ருக்கு வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். பொங்கிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஏன் ருக்கு, அவருக்கு நெஞ்சுல படம் எடுத்தாங்களா?" என்றேன்.

தேய்த்த கை நின்றது. முன்கட்டில் கட்டிலில் படுத்திருந்த புருஷனை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தெரியும்க்கா. ஆஸ்பத்திரியில பெருக்குற அம்மா சொல்லிட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு அவரு நெனச்சிக்கினு இருக்காரு. இருக்கட்டும்."

"அப்போ இன்னாத்துக்கு இந்தப் பொங்கல்?"

"நான் பொங்காம இருந்தா அவருக்கு சந்தேகம் வந்துடுமே. நான் சிரிச்சாத்தான்க்கா அவரு ரெண்டு வாய் துன்றாரு. குடத்த மட்டும் அவருகிட்ட உடறதில்ல. குழாயடியில வம்பு பேசணும்னு சொல்லி நானே போய் எடுத்துக்கினு வந்துடறேன்."

அவள் கையிலிருந்த தேங்காய்நாரை வாங்கி மீதிப் பாத்திரத்தை நான் தேய்த்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, ஆறிப்போன பொங்கலை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நான் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது எழுதுகிறேன். தெரிந்திருந்தாலும் நான் அன்றைக்குப் பொங்கியிருப்பேன். அதே நெய், அதே முந்திரி. சிரித்துக்கொண்டே வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்து, உங்களுக்கும் ஒரு கிண்ணம் வைத்திருப்பேன். என்னைப் பற்றி இது ஒன்று உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.