எறும்பு வேடத்தில் ஒரு சிலந்தி

அன்புள்ள தம்பி மிக்கேலுக்கு, பெரம்பலூர் விடுதியிலிருந்து அக்கா ரெஜினா எழுதுவது.

எனக்குக் கண் மங்கிவிட்டதாக நீ கேள்விப்பட்டது பொய். வார்டன் வேலையை விடவைத்து என்னை வரதராசன்பேட்டைக்கு அழைத்துப்போக நீ கார் பிடிக்க வேண்டாம். ஆண்டவர் தயவில் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நடந்ததைக் கேள். விடுதிக் கறிவேப்பிலைச் செடியில் ஊர்ந்த, கட்டெறும்பு போன்ற ஒன்றைக் காட்டி, "இது சிலந்தி" என்றேன். நம் ஊர்ப் பிள்ளை சுகன்யா மேரி, "வார்டனம்மாவுக்குக் கண்ணாடி மாத்தணும்டி" என்று சிரித்தாள். உனக்கு ஓதியதும் அவள்தான்.

நேற்று அவளையே கூப்பிட்டு அதன் கால்களை எண்ணச் சொன்னேன். எட்டு இருந்தது; எறும்புக்கு ஆறுதானே. முன்னங்கால் இரண்டைத் தூக்கி, எறும்பின் மீசைபோல ஆட்டி அது ஊரை ஏமாற்றுகிறது. இலையைத் தட்டினேன், விழாமல் நூல் விட்டுத் தொங்கியது.

"ஐயோ, எறும்பு நூல் விடுதுங்க வார்டனம்மா!" என்று கத்தினாள் சுகன்யா.

"எறும்பு எங்கேடி நூல் விடும்?" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஞாயிறன்று பிள்ளைகள் ஊருக்குப் போய்விட, விடுதி வெறிச்சென்று கிடக்கும். அழைத்துப்போக அல்ல, பார்த்துப்போக வா. நம் தோப்பு முந்திரி கொஞ்சம் எடுத்து வா. வருவாயா என்பதைப் போனில் சொல்லாதே, கடிதமாக எழுது. நானே படித்துக்கொள்வேன்.

அக்கா
ரெஜினா