போர்வை எடைக்குச் சாய்ந்த கிண்ணங்கள்

என் பெரிய மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை வீட்டுக்காரர் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், சூளையில் வைத்த பீங்கான் கிண்ணங்கள் மட்டும் சுகமில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன்.

உன் தங்கை குழந்தை மாதம் நிறையாமல் பிறந்ததால் வாராவாரம் எடை பார்க்கணும், ஏறாவிட்டால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான் என்று நர்ஸம்மா சொன்னதிலிருந்து உன் தங்கைக்குச் சோறே இறங்கவில்லை. வீட்டில் பிசகாத தராசு என்றால் பீங்கான் மண்ணுக்குத் தூள் நிறுக்கிற தராசுதானே, அதன் தட்டைத் தேய்த்துக் கழுவிக் கூடத்துக்குக் கொண்டுவந்து, நீ பின்னி அனுப்பிய கம்பளிப் போர்வையை விரித்து, உன் அம்மா குழந்தையைக் கிடத்தினாள். போன வாரம் முள் நன்றாகவே ஏறியது. அந்தக் குஷியில் மாப்பிள்ளை தராசைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடி, பாட்டும் விசிலுமாக மண் கலந்தார். இதை எழுதமாட்டேன் என்கிறார், எழுதுங்க மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று சூளையைத் திறந்தால் ஒரு கிண்ணம்கூட நேராக இல்லை, வயிறுமுட்டச் சாப்பிட்ட ஆட்கள் மாதிரி எல்லாம் சரிந்து உட்கார்ந்திருக்கின்றன. மண்ணோடு கலந்து சூட்டில் உருகிப் பிடிக்கிற ஃபெல்ஸ்பார் தூள் கூடினால்தான் அப்படிச் சாயும். தராசைப் போய்ப் பார்த்தேன். எனக்கு எண் தெரியாது, ஆனால் சைபர் இருக்கிற இடத்தில் நீ சின்ன வயதில் நகப்பூச்சால் வைத்துக் கொடுத்த சிவப்புப் புள்ளி இருக்கிறதே, வெறும் தட்டுக்கு முள் அதற்குக் கீழே நிற்கிறது. அப்படியென்றால் முள் கணக்குக்கு ஏறுவதற்குள் ஒவ்வொரு தூளும் கூடுதலாகத்தான் விழுந்திருக்கிறது. நிறையப் போடுகிற வெள்ளைக் களிமண்ணில் அது தெரியாது, கொஞ்சமாகப் போடுகிற ஃபெல்ஸ்பாரில் அது ரொம்ப அதிகம். உன் தங்கை முகம் செத்துப்போச்சு. தராசே பொய் சொல்லுதேப்பா, அப்ப புள்ள எடை ஏறினதும் பொய்தானா என்றாள். 

எனக்குத்தான் எதுவும் மறக்காதே. அன்றைக்குப் போர்வையை விரித்ததும் உன் அம்மா தராசு முள்ளை நகர்த்துகிற திருகைத் திருப்பினாள், வளையல் தட்டில் உரசிச் சத்தம் வந்தது. அதைச் சொன்னதும், நான் எங்க தொட்டேன், உங்களுக்கு வேற வேலையில்லை என்று சண்டைக்கு வந்தாள். நான் குழந்தை மேலிருந்த போர்வையை உருவி, அது வீடே அதிரக் கத்தக் கத்த, மடித்துத் தட்டில் வைத்தேன். முள் ஏறிச் சிவப்புப் புள்ளியில் கச்சிதமாக நின்றது. போர்வை எடையைத் தள்ளிவிட்டுத்தான் உன் அம்மா நிறுத்திருக்கிறாள், ஏறியது அத்தனையும் குழந்தைதான். உடனே பேத்தியையும் மேலே கிடத்தினோம், போன வாரத்தையும் தாண்டிப் போகிறது முள். உன் தங்கை சிரிக்கிறாள், அழுகிறாள், இன்னொரு தடவை வைங்கப்பா என்கிறாள். ஒரு சூளை முழுக்க வீணானதற்கு இப்படிக் குதித்த குடும்பம் வேறு இருக்காது. உன் அம்மா இப்போது, நான்தானே திருகினேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சரிந்ததில் அழகானது ஒன்றை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், தண்ணீர் பாதிதான் நிற்கும், பரவாயில்லை, உன் போர்வை எடைக்குச் சாய்ந்த கிண்ணம். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும் அம்மா, உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் இரு. மறந்துவிடாதே, அடுத்த போர்வையைக் கொஞ்சம் நீளமாகப் பின்னு, இதில் அவளுக்கு இப்போதே கால் வெளியே வருகிறது.

இப்படிக்கு,
கையெழுத்துக்குப் பதிலாக மண் ஒட்டிய கட்டைவிரலை வைக்கும்
உன் அப்பா