ஆந்தைப் பெட்டி ஓடுகள்

பாப்பாவுக்கு,

ஆராய்ச்சிக்கு ஆந்தை முட்டை ஓடு வேணும்னு நீ படிக்கிற நீலாயிலிருந்து வந்து கேட்டப்ப கத்திட்டேன். அம்மா தவறிப்போன அன்னைக்கு ஆந்தை நம்ம கூரையில அலறினதை நான் மறக்கல. நீயும் அதுக்கப்புறம் வீட்டுப் பக்கம் வரல.

எலி பிடிக்க ஆந்தை தங்கட்டும்னு எஸ்டேட்டுல செம்பனை மரத்துக்கு நடுவுல வச்ச பெட்டியைக் கழட்டி எறியத்தான் நேத்து ஏணி போட்டேன். உள்ளே முட்டையெல்லாம் நொறுங்கிக் கிடக்கு. ஆந்தை அந்த ஓட்டுமேலயே உக்காந்திருக்கு. தட்டினேன், நகரல. உன் தம்பி செத்துப் பொறந்தப்ப அம்மா வெறும் துணியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

சாயங்காலம் அது வெளிய போனதும் ஓட்டுத் துண்டையெல்லாம் பொறுக்கினேன். காகிதம் மாதிரி மெலிசு. அம்மா வளையல் வச்சிருந்த டின்ல பஞ்சு போட்டு வச்சிருக்கேன்.

போஸ்டுல அனுப்பினா இன்னும் உடைஞ்சிரும் லா. நீயே வந்து எடுத்துக்கோ.

அப்பா