"போட்டு வாறன்" என்று சொன்னவள்

பெப். 9, திங்கள்

காலையில் பனி. ஒன்பது மணிக்குத்தான் கடல் தெரிந்தது. பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை வாங்கப் போடும் வெள்ளைச் சட்டை மூன்று, கொலர் மட்டும் தைக்க மிச்சம். முடிக்கவில்லை. படப்பிடிப்புக்காரரின் வான் எட்டரைக்கே வாசலில் வந்து நின்றது.

சென்னையிலிருந்து வந்த நடிகைக்கு எங்கள் குருநகர்ப் பேச்சைப் பழக்குவது என் வேலை. நிவேதா. நல்ல பிள்ளை. "வர்றேன்" போய் "வாறன்" வர இரண்டு நாள் பிடித்தது. ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்" என்பதைத்தான் இன்னும் மந்திரம் சொல்வதுபோல் இழுக்கிறாள். "பிள்ளை, நான் பூசைக்குக் கூப்பிடேல்லை, தேத்தண்ணி குடிக்கிறியோ எண்டுதான் கேட்டனான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இயக்குநர் (இனி இ.) திரும்பிப் பார்த்தார். அவருடைய படத்தில் நடிக்கிறவள் சிரிக்கக் கூடாதுபோலும்.

இ.யின் படங்கள் நாலையும் மகள் ஜெசியின் கணினியில் பார்த்திருக்கிறேன். நான் வைத்த பெயர்கள்:

கதவுப் படம்: காத்திருந்து காத்திருந்து காய்ச்சலில் போகிறாள்.
கிணற்றுப் படம்: சொல்லவே வேண்டாம்.
ரயில் படம்: ஏறினவள் இறங்கவில்லை.
மாடிவீட்டுப் படம்: விசர், பைத்தியமாகிப் போகிறாள்.

நாலு பேரில் ஒருத்தியும் வயிறாறச் சாப்பிட்டதில்லை. ஒருத்திக்கும் பக்கத்து வீட்டுக்காரி கிடையாது. இது என்ன ஊரோ? கொஞ்சம் சீனி கேட்டாவது ஒருத்தி வேலிக்கு வரமாட்டாளா?

ஆனாலும் உள்ளதை எழுத வேண்டும். கதவுப் படம் பார்த்த அன்றுதான் நான் என் மனுசன் சூசைக்காக அழுதேன். கடலுக்குப் போனவர் வரவில்லை. உடலும் வரவில்லை, ஒரு கடதாசியும் வரவில்லை. இல்லை என்று ஒருவரும் சொல்லாதபோது எப்படி அழுவது? எத்தனையோ வருடம் கழித்து, அந்தப் படத்தில் ஒருத்தி கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் மேசையில் தலையை வைத்துக் குழறி அழுதேன். ஜெசி பயந்துபோனாள். பிறகு பார்த்தால் நல்ல பசி. சோற்றுப் பானையை வழித்துச் சாப்பிட்டேன். அந்த ஒன்றுக்காகவே இ.க்கு நான் சாகும்வரை கடமைப்பட்டவள்.

ந. (நன்றி, வழக்கம்போல்): பனி விலகியது. நிவேதாவின் சிரிப்பு. பஸ்ஸுக்கு நிற்காமல் வான்.

பெப். 10, செவ்வாய்

வெயில். ஒரு சட்டை முடிந்தது.

இந்தப் படம் என் கதை. போன வருடம் இ. வந்து, மூன்று பின்னேரம் என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார். குருநகர்ப் பெண், கடலுக்குப் போய் வராத புருசன், ஆறு வயதுப் பெண்பிள்ளை. எல்லாம் சொன்னேன். ஒன்றைத் தவிர.

இன்று கடைசிக் காட்சியின் தாளைக் கையில் தந்தார்கள். அவள் பிள்ளையிடம் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் இறங்கி நடக்கிறாள். வரவில்லை. படம் முடிந்தது.

நான் சொல்லாத அந்த ஒன்று இதுதான். யார் சொன்னது இவருக்கு? தேத்தண்ணி குடித்து முடிக்கத்தான் விளங்கியது. யாரும் சொல்லவில்லை. இவருடைய பெண்கள் எல்லாரும் இப்படித்தான் போவார்கள். இவளுக்குக் கிணறு இல்லை, கடல் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜெசி இந்தப் படத்தைப் பார்ப்பாள். பண்டத்தரிப்பில் அவளோடு படிப்பிக்கிற ரீச்சர்மாரையும் கூட்டிக்கொண்டு போவாள், அம்மாவின் கதை என்று. பார்த்துவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டால்? "என்னை விட்டிட்டுப் போக நினைச்சனீங்களோ?" என்றால்?

உதவி இயக்குநர் அந்த ஒரு வரியை எங்கள் பேச்சில் மாற்றித் தரச் சொன்னான். "போறேன்" என்பதை வெட்டி "போட்டு வாறன்" என்று எழுதிக் கொடுத்தேன். போய்விட்டு வருகிறேன் என்பதற்கு நாங்கள் சொல்வது.

பெப். 11, புதன்

அந்தச் சொல்லால் இன்று பெரிய கதை.

இ.: "அம்மா, அவ திரும்பி வரப்போறதில்ல. 'போறேன்'னுதானே சொல்லணும்?"

நான்: "சேர், எங்கடை ஆக்கள் கடைக்குப் போனாலும் 'போறன்' எண்டு சொல்லமாட்டினம். ஆறு வயசுப் பிள்ளையிட்டை ஒருத்தி அப்பிடிச் சொன்னால் அது குழறி ஊரைக் கூட்டிப்போடும். பிறகெங்கை உங்கடை காட்சி?"

நிவேதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். இ. தாடையைத் தடவினார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"அருமைம்மா! 'போட்டு வாறன்'. குழந்தைகிட்ட பொய் சொல்லிட்டுப் போறா. இன்னும் சோகமா இருக்கும்!"

ஐயோ மாதாவே. நானே கத்தியைத் தீட்டிக் கையில் கொடுத்ததுபோல் ஆயிற்று. அது பொய் இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கொலர் தைத்தேன். கோணல். பிரித்தேன்.

ந.: ஊசி குத்தியும் இரத்தம் வெள்ளைத் துணியில் படவில்லை.

பெப். 13, வெள்ளி

காலைப் பூசையில் அந்தோனியாரிடம் கேட்டேன். காணாமற்போன சாமானைக் கண்டுபிடித்துத் தருகிறவர், எனக்கு வாயைத் தரட்டும்.

மத்தியானம் கரையில் இ.க்கு வேறு கவலை. "என்னம்மா உங்க கடல்? எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல தண்ணியே வரலையே!" எங்கள் கரை அப்படித்தான். களப்புக் கடல். சாக வேண்டுமென்றாலும் மெனக்கெட்டு நடக்க வேண்டும்.

"ஓம் சேர், கனதூரம் நடக்கவேணும். நடந்தனான்" என்றேன்.

சொல்லிவிட்டேன். நிவேதாவும் இருந்தாள்.

சூசை போய் ஏழாம் மாதம். அடுப்பில் மீன்சட்டி. வாசற்படியில் ஜெசி. "போட்டு வாறன், மீன்சட்டியைப் பூனை தொடாமல் பார்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். திரும்பி வரும் எண்ணம் இல்லை. வாய்ப் பழக்கத்தில் வந்த சொல் அது. முழங்கால், தொடை, இடுப்பு. நடக்க நடக்க அந்தச் சொல்லே காதுக்குள். வாறன் என்று சொல்லிப்போட்டு வந்தேனே, பிள்ளை பூனையைப் பார்த்துக்கொண்டு இருக்குமே. நெஞ்சளவில் நின்றேன். திரும்பினேன்.

"அவ பொய் சொல்லேல்லை சேர். தனக்கே தெரியாமல் மெய் சொல்லிப்போட்டா" என்றேன்.

நிவேதா மூக்கு ஒழுக அழுதாள். படத்தில் அழுகிற அழகான அழுகை இல்லை. இ. மணலில் குந்தினார்.

"நான் எடுத்த நாலு படத்துல ஒருத்திகூட திரும்பி வந்ததில்லம்மா. எப்படி எடுக்கறதுன்னே எனக்குத் தெரியாது" என்றார். எடுப்பேன் என்று மட்டும் சொல்லவில்லை.

பெப். 15, ஞாயிறு

நேற்று முழுக்கக் காற்று. படப்பிடிப்பு இல்லை. வருகிற புதன் விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கும். அதற்குமுன் படப்பிடிப்புக்காரர் முடித்துவிட்டுப் போக வேண்டுமாம்.

ஜெசி வந்தாள். படப்பிடிப்புப் பார்க்கத் திங்கள் லீவு எடுத்திருக்கிறாள். படம் சொல்வதற்குமுன் நான் சொல்லிவிட வேண்டும்.

முயன்றது: கோயில் முடிந்து வரும் வழியில் (அவளுக்குப் போன் வந்தது). கணவாய் வெட்டும்போது ("கறிக்கு இவ்வளவு புளி காணுமோ அம்மா?" என்றாள்). சீப்பால் அவளுக்குத் தலை இழுத்துவிடும்போது. அந்த நேரம் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சொல்லியிருக்கலாம். இரண்டு நரைமயிர் கண்டேன். அதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. முழுக் கோழை நான்.

ந.: என் பிள்ளைக்கு நரைக்கும் வயதுவரை நான் இருந்து பார்க்கிறேன்.

பெப். 16, திங்கள்

காற்று அடங்கி, கடல் தகடுபோல். பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கினார்கள். இ. என் பக்கம் வந்து, "நிவேதாகிட்ட ஒண்ணும் சொல்லல. எங்க நிக்கணும்னு அவளுக்கே தெரியும்னு விட்டுட்டேன்" என்றார். வெறுங்கால். முகத்தில் தூக்கமில்லை.

நிவேதா படியிறங்கினாள். திரும்பி, மகளாக நடிக்கிற சின்னப் பிள்ளையைப் பார்த்து: "போட்டு வாறன். மீன்சட்டியைப் பூனை தொடாமல் பார்."

என் சொல்லையே, ஒன்றுவிடாமல். இழுவை இல்லை, பிசகு இல்லை. எங்கள் தெருவில் பிறந்தவள்கூட அவ்வளவு சரியாகச் சொல்லமாட்டாள். பக்கத்தில் நின்ற ஜெசியின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

நடந்தாள். நடந்தாள். தலை மட்டும் தெரிந்தது. இ. நிறுத்தச் சொல்லவில்லை. தலை நின்றது. பிறகு தோள் தெரிந்தது, இடுப்பு தெரிந்தது. வருகிறாள்! நான் சிலுவை போட்டுக்கொண்டேன். நடிப்பென்று தெரிந்தும்.

சீலை ஒட்ட, தண்ணீர் சொட்டப் படியடிக்கு வந்து நின்றாள். சின்னப் பிள்ளை முழித்தது. அதற்குச் சொல்ல வரி இல்லை. தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இ. என்னைப் பார்த்து அவசரமாக, "அம்மா, பாப்பா என்ன சொல்லணும்?"

நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வந்ததும் என் பிள்ளை என்ன சொன்னது? ஏதும் சொன்னதா?

"'பூனை வரேல்லை அம்மா' எண்டு" என்றாள் ஜெசி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னை மட்டும் பார்த்தாள்.

"சீலை முழுக்க நனைஞ்சு வந்தனீங்கள். ஏனெண்டு கேட்டால் திரும்பப் போயிடுவீங்களோ எண்டு பயம். அதுதான் பூனையைப் பற்றிச் சொன்னனான்."

ஆறு வயதில். இத்தனை வருடமும் வைத்திருந்திருக்கிறாள், கேட்காமல்.

சின்னப் பிள்ளைக்கு அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தது ஜெசிதான். ஒரே தரத்தில் எடுத்துவிட்டார்கள்.

ந.: பூனை வராததற்கு.