கிளட்சை ஒரு தடவை மிதித்துப் பாருங்கள்

ஏங்க,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். காரை வாங்க வருகிறவர் பதினொரு மணிக்கு வந்துவிடுவார். அதற்குள் போய்க் கிளட்சை ஒரு தடவை மிதித்துப் பாருங்கள்.

காலையில் நீங்கள் முட்டி வலிக்குப் பயிற்சி எடுக்கப் போனதும் மெக்கானிக்கை வரச் சொன்னேன். பானெட்டைத் திறந்ததுமே சிரித்துவிட்டார். "கிளட்ச் கேபிளை யாரும்மா இப்படி பேட்டரியைச் சுத்தி வளைச்சு மாட்டினது? உள்ள கம்பி உரசி உரசிப் பிஞ்சு கிடக்கு. இதை மிதிக்க யானை பலம் வேணுமே!"

நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போன வருஷம் "நானே மாத்துறேன், நீ டார்ச்சை மட்டும் பிடி" என்றவரை உங்களுக்கே தெரியும்.

புதுக் கேபிளை வளைக்காமல் மாட்டியிருக்கிறார். பெடல் இப்போது கையால் அழுத்தினாலே இறங்குகிறது. தப்பு உங்கள் காலில் இல்லை, கையில்தான்!

கிளட்சை மிதிக்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னதற்கு, நேற்று நான் "வயசாயிடுச்சு, வித்துத் தொலைங்க" என்று கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கல்யாணமான புதிதில் கிளட்ச் உங்கள் காலில், கியர் பக்கத்து சீட்டில் என் கையில். நீங்கள் "ம்" என்றதும் மாற்றுவேன். ஒரு நாள்கூடக் கியர் கரகரத்ததில்லை. வேறு எதில்தான் நாம் அப்படி ஒத்துப்போனோம்?

விற்பது உங்கள் இஷ்டம். சாவி பழைய ஆணியில் இருக்கிறது.

பி.கு: பழைய கேபிளைக் குப்பையில் போட்டுவிட்டேன், தேட வேண்டாம்.

இன்னொன்று: சாயங்காலம் பஸ்ஸில் வரப்போவதில்லை. ஆறு மணிக்கு ஆபீஸ் வாசலில் நிற்பேன். கியரை நான் பார்த்துக்கொள்கிறேன்.