எது கொடுத்தாலும் சரி

நாகலூர்
பிரமோதூத வருஷம் தை மாதம் (1931)

சிரஞ்சீவி பொன்னுவேலுக்கு அப்பா மாரிசாமி ஆசீர்வதித்து எழுதுவது. மலையில் பனி குறைந்துவிட்டது, அம்மாவின் இருமலும் தணிந்திருக்கிறது, நானும் நடமாடுகிறேன். ரங்கூனில் நீயும் சுகமாக இருக்கச் சேர்வராயன் துணை.

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அரிசி ஆலையில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள், உன் முறையும் வரும், துரையிடம் சொல்லி எஸ்டேட்டில் ஒரு வேலை பார்த்து வையுங்கள் என்று எழுதியிருந்தாய். கேட்டேன். நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும், எனக்கே சரியாக விளங்கியிருக்கிறதா என்பது சந்தேகம், தப்பிருந்தால் நீ திருத்திக்கொள். முதலில் சந்தையைச் சொல்கிறேன். நம் காப்பி லண்டனுக்குப் போய் விலையாகிறது. பிரேசில் தேசத்தில் காப்பி மிதமிஞ்சி விளைந்து குவிந்து கிடக்கிறதாம், வாங்க வேண்டிய சீமை ஜனங்களோ வேலையிழந்து வீட்டில் இருக்கிறார்கள். சரக்கு அதிகம், வாங்குபவர் குறைவு, விலை விழுந்துவிட்டது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று மேல்காட்டில் பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள், கறுத்து உதிர்கிறது. கரடியூர் ஐயாக்கண்ணு நல்ல விலை இருந்த வருஷம் கேழ்வரகுக் கொல்லையை அழித்துக் காப்பி வைத்தாரே, அவர் இப்போது சேலத்துக் கேழ்வரகை எதிர்பார்த்து நிற்கிறார். அது மலிந்துதான் கிடக்கிறது, வாங்கத்தான் அவர் கையில் காசில்லை. உங்கள் அரிசிக்கும் இதே கதி என்று நினைக்கிறேன். விலை மலிந்தால் எல்லோருக்கும் நல்லது என்று நான் படித்த பாடம் பாதிதான் உண்மை.

அவரிடம் கணக்கெழுதும் ரைட்டரே ஆனாலும் வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு கூடை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். உன் படிப்பு, அனுபவம் எல்லாம் சொன்னேன். என்ன சம்பளம் கேட்பான் என்றார் துரை. நம்மில் யாரும் பெரியவர்கள் முன் தொகை சொல்வதில்லை, நானும் வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு, துரை பார்த்து எது கொடுத்தாலும் சரி என்றேன். யோசிப்பதாகச் சொல்லி ஆரஞ்சை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்தில், களமும் குடோனும் பார்க்கும் வெள்ளையனை முன்னால் அழைத்தார். ரைட்டர் மகன் எது கொடுத்தாலும் வரத் தயார், நீ பாதிச் சம்பளத்துக்கு இருக்கிறாயா, போகிறாயா என்று கேட்டார். வெள்ளையன் வீடு நிறையப் பெண் குழந்தைகள். இருக்கிறேன் என்றான்.

பழத்துக்குக் கட்டுவதுபோலத்தான் ஆளுக்கும் விலை கட்டுகிறார்கள். வெளியே வேலையில்லாமல் நிற்பவன், வேலையில் சேராமலே, உள்ளே இருப்பவன் கூலியைக் குறைத்துவிடுகிறான். நீ கடலுக்கு அப்பால் இருந்தபடியே குறைத்திருக்கிறாய். உன் மேல் குற்றமில்லை, சொன்ன வாய் என்னுடையது. அன்று மாலை வெள்ளையன் என்னை வழிமறித்து, "ஏனுங்க ரைட்டரய்யா, எங்கூட்டுச் சோத்துச் சட்டியில கை வெக்கறதுக்கு ஆரஞ்சுக் கூடை வேற எதுக்குங்க, வெறுங்கையோட போயிருந்தாலே துரை சந்தோசமாச் செஞ்சிருப்பாருங்களே" என்றான். அவன் பெண்டாட்டி கண்ணாயி தண்ணீர்த் துறையில் உன் அம்மாவைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அம்மா மட்டும், "கூலி கெடக்குதுங்க, கண்ணு ஊடு வந்து சேந்தாப் போதும்" என்கிறாள். வந்து என்ன செய்வாய்? உனக்கு வேலையும் இல்லை, வெள்ளையனுக்குச் சம்பளமும் பாதி. ஆகவே வர வேண்டாம். அங்கே நிறுத்துகிற வரைக்கும் இரு, நிறுத்தினாலும் அங்கேயே வேறு இடம் பார்.

நேற்று துரை என்னையும் கூப்பிட்டார். சேலத்துப் படித்த பையன்கள் பலர் என் இடத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்களாம். இந்த வயதில் என்ன கொடுத்தால் இருப்பாய் என்றார். ஒரு தொகையை மனதில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் போயிருந்தேன். வாயில் வந்தது பழைய வார்த்தைதான்.

அம்மா வேலம்மாளின் ஆசியும் இதில் சேர்த்தி. நேரத்துக்குச் சாப்பிடு, சாமி உன்னைக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, எங்கே வேலை கேட்டாலும், என்ன வேண்டும் என்று கேட்டால் ஒரு தொகையைச் சொல். கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மாரிசாமி